எஞ்சின் சூடும் உடல் சூடும்: சிங்கப்பூரில் புதிதாக பைக் ஓட்டுபவர்களுக்கு

சிறிய பைக்குகளுக்கான 2பி உரிமம் கைக்கு வந்து, முதல் பைக்கையும் எடுத்தாயிற்று. முதல் வாரத்திலேயே பலருக்கு வரும் சந்தேகம் இது: "சிக்னலில் நின்றால் கால் எரிகிறது, ஃபேன் வேறு ஓயாமல் ஓடுகிறது, எஞ்சினுக்கு ஏதாவது ஆகிவிடுமோ?"

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சூட்டில் ஓடுவதற்கென்றே செய்த பொருள் எஞ்சின். மனித உடம்பு அப்படி இல்லை. நான் பார்த்தவரை, இந்த ஊரில் சூடு தாங்காமல் நின்றுபோகும் வண்டிகள் குறைவு. சூடு தாங்காமல் தளர்ந்து, கவனம் சிதறி, முன்னால் போகும் லாரியின் பிரேக் விளக்கைத் தாமதமாகக் கவனிப்பவர்கள்தான் அதிகம். அதனால் இங்கே வண்டிக்குச் சொல்வதைப் போலவே ஓட்டுபவருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரின் வெயிலைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் "கத்திரி வெயிலையே பார்த்தவன், இதெல்லாம் என்ன" என்பார்கள். வெப்பமானியை மட்டும் பார்த்தால் அது சரிதான். சிங்கப்பூரில் வழக்கமான பிற்பகல் வெப்பம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ். இங்கே பதிவான ஆக அதிக வெப்பமே 37 டிகிரிதான்: 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒரு முறை, 2023 மே மாதம் அங் மோ கியோவில் ஒரு முறை. சென்னையில் 40 தாண்டுவது செய்தியே இல்லை.

ஆனால் இங்கே காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வரும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, சட்டையை நனைப்பதோடு சரி.

எஞ்சினுக்கு வியர்வை கிடையாது. ஆகவே ஈரப்பதம் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. தன்னைச் சுற்றிய காற்றைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு அது வெப்பத்தை வெளியே தள்ளும். வெளியே 33 டிகிரி, உள்ளே குளிர்விக்கும் திரவம் 90 டிகிரி என்றாலும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறது. காற்று ஓடிக்கொண்டிருந்தால் போதும். காற்று நின்றால்தான் சிக்கல். சிக்னல், நெரிசல், மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்தின் வரிசை மூன்றிலும் காற்று நின்றுவிடுகிறது.

உங்கள் வண்டி எப்படிக் குளிர்கிறது?

எஞ்சினைச் சுற்றித் தகடு தகடாக இருந்து, முன்னால் ரேடியேட்டர் இல்லையென்றால் அது காற்றில் குளிரும் எஞ்சின். சூப்பர் கப், ஜிக்ஸர் 150 எல்லாம் இந்த வகை. ஜிக்ஸர் 250 போன்றவற்றில் எண்ணெயைத் தனியாகக் குளிர்வித்து அனுப்புவார்கள். பல்சர் என்எஸ்200, ஏராக்ஸ், சிபி400 போன்றவற்றுக்கு ரேடியேட்டரும் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவமும் உண்டு.

ரேடியேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் மூன்று கட்டங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 80 டிகிரிக்கு மேல் தெர்மோஸ்டாட் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும். 100 டிகிரியை ஒட்டி ஃபேன் ஓடத் தொடங்கும். அதற்கும் மேலே ஏறினால் சிவப்பு விளக்கு எரியும். உங்கள் வண்டிக்கான சரியான எண்கள் அதன் கையேட்டில் இருக்கும். சிக்னலில் ஃபேன் "விர்ர்" என்று ஓடுவது நல்ல அறிகுறி. கடும் நெரிசலிலும் அது ஓடவே இல்லை என்றால்தான் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

காற்றில் குளிரும் வண்டிகளில் பெரும்பாலும் அளவுமானியே இருக்காது. காதும் காலும்தான் அளவுமானி. கியர் திடீரென்று இறுகுவது, நியூட்ரல் கிடைக்க மறுப்பது, ஆக்சிலரேட்டரைத் திருகினாலும் இழுவை இல்லாதது, மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் "டக் டக்" என்று தட்டுவது எல்லாம் "கொஞ்சம் நிறுத்து" என்று வண்டி சொல்வதுதான்.

வாரத்துக்கு ஒரு நாள், வண்டிக்கு முன்னால் குந்துங்கள்

வாங்கச் சொல்லி விற்கும் சாமான்கள் நிறைய. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு எண்ணெய், கூலன்ட், ரேடியேட்டர் ஆகிய மூன்றையும் பார்த்தால் பெரும்பாலான வேலை முடிந்தது.

எண்ணெயிலிருந்து தொடங்குவோம். 200 சிசிக்குக் குறைந்த பைக்கில் மொத்த எண்ணெயே சுமார் ஒரு லிட்டர்தான். அதில் ஒரு டம்ளர் குறைந்தாலும் பெரிய குறைதான், ஏனென்றால் எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு சூட்டையும் சுமந்து வெளியேற்றுகிறது. எஞ்சினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து, வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு எண்ணெய் அளவைக் காட்டும் கண்ணாடித் துளையைப் பாருங்கள். பக்கத் தாங்கியில் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு தப்பாகத்தான் தெரியும். தனியாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பது கஷ்டம்; கார்ப்பேட்டையில் (வண்டி நிறுத்துமிடத்தில்) பக்கத்து வண்டிக்காரரைக் கூப்பிடுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

எந்த எண்ணெய் என்பதைக் கையேடு சொல்லும். 10டபிள்யூ-40 பல வண்டிகளுக்குப் பொருந்தும். சில பழைய காற்றுக்குளிர் எஞ்சின்களுக்கு 20டபிள்யூ-50 கேட்பார்கள். அதைவிட முக்கியம், கியர் வண்டியென்றால் புட்டியில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். கார் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், வழுக்கும் கிளட்ச் இன்னும் சூட்டைக் கிளப்பும். நாள் முழுக்க உணவு விநியோகம் செய்பவர்கள், கையேட்டில் உள்ள இடைவெளிக்கு முன்பே எண்ணெயை மாற்றிவிடுவது நல்லது. நின்று நின்று போகும் ஓட்டத்தில், கிலோமீட்டர் கணக்கு காட்டுவதைவிட எஞ்சின் அதிக நேரம் ஓடியிருக்கும்.

அடுத்து கூலன்ட். எஞ்சின் ஆறியிருக்கும்போது, பக்கத்தில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் டார்ச் அடித்துப் பார்த்தால் மேல் கோடு, கீழ்க் கோடு இரண்டும் தெரியும். திரவம் அவற்றுக்கு இடையில் இருந்தால் சரி. குறைந்திருந்தால் அந்த டப்பாவில்தான் ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. உள்ளே ஆவி அடைபட்ட குக்கர் மாதிரிதான் அதுவும்: அழுத்தத்தில் வைத்திருப்பதால்தான் உள்ளே இருப்பது 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும்.

"இங்கே பனியா பெய்கிறது, வெறும் தண்ணீர் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கூலன்ட் உறையாமல் காப்பது மட்டுமில்லை, கொதிநிலையை உயர்த்துகிறது, உள்ளே துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. குழாய்த் தண்ணீர் உள்ளே உப்புப் படிய வைக்கும். கலந்தே விற்பதை வாங்குங்கள், அல்லது காய்ச்சி வடித்த நீரில் கலக்குங்கள். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்ற வேண்டியிருக்கும்.

பலர் பார்க்காமலே விடுவது ரேடியேட்டரின் முகத்தை. முன்சக்கரம் அள்ளி வீசிய மண், மழைக்கால இலைத்தூள், பூச்சி, எப்போதோ ஒட்டிய பிளாஸ்டிக் துண்டு எல்லாம் அந்த மெல்லிய தகடுகளுக்கு நடுவில் அப்பிக்கொண்டிருக்கும். முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்: நடுப்பகுதி வெள்ளியாக இருக்கும், கீழ் மூலை இரண்டும் பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்பு இடங்களில் காற்று போகவில்லை என்று அர்த்தம். எஞ்சின் ஆறிய பிறகு வாளித் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். தகட்டின் போக்கிலேயே மேலும் கீழுமாக மெதுவாகத் தேயுங்கள். அதிவேகத் தண்ணீர்ப் பீய்ச்சியை நேராகக் காட்டினால் தகடு மடங்கிப்போகும், அப்புறம் அந்த இடத்தில் காற்று எப்போதுமே போகாது.

சக்கரக் காற்றைக் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பாருங்கள். ஓட்டிய சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. 98 ஆக்டேன் ஊற்றினால் எஞ்சின் குளிரும் என்பது காப்பிக்கடைப் பேச்சு. கையேடு கேட்கும் ஆக்டேன் எண்ணுக்குக் குறையாமல் இருந்தால் போதும், மிச்சக் காசுக்குக் காலணி வாங்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடே ஏறாது என்று யாராவது சொன்னால், அந்த வொர்க்‌ஷாப்புக்குத் திரும்பப் போகாதீர்கள்.

சாலையில்

விரைவுச்சாலையில் சீராகப் போகும்போது எஞ்சின் சூடு ஒரு பிரச்சினையே இல்லை. தொல்லையெல்லாம் ஊர்ந்து போகும்போதுதான். அப்போது புதியவர்கள் அரைக் கிளட்ச்சைப் பிடித்தபடியே நகர்த்துவார்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கிறது. அது தேய்ந்து வரும் சூடு நேராக எண்ணெய்க்குப் போகும். முன்னால் இரண்டு வண்டி இடம் உருவாகும்வரை நியூட்ரலில் நில்லுங்கள். அப்புறம் முதல் கியரில் முழுதாகக் கிளட்ச்சை விட்டு ஓட்டி, மறுபடி நில்லுங்கள். பின்னால் இருக்கும் கார்க்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

நீண்ட சிக்னல் என்று தெரிந்தால் எஞ்சினை அணைக்கலாம். சாவியையும் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் எரிந்துகொண்டிருக்கும் முன்விளக்கு பேட்டரியைத் தின்னும். அரை நிமிடச் சிக்னலுக்கு இதெல்லாம் வேண்டாம். ஆனால் கார்ப்பேட்டையிலோ சாலையோரத்திலோ நின்றுகொண்டு எஞ்சினைச் சும்மா ஓடவிடாதீர்கள். சிங்கப்பூரில் அது சட்டப்படி குற்றம், எஞ்சினுக்கும் கெடுதல்.

சுரங்கப்பாதைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலாங் - பாய லேபார் விரைவுச்சாலையில் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் நிலத்தடியில் போகிறது. மரீனா கடலோர விரைவுச்சாலையிலும் பெரும்பகுதி சுரங்கம்தான். ஆயிரக்கணக்கான வண்டிகளின் சூடு அடைபட்ட இடம், கார்க்காரருக்குத் தெரியாது, நமக்கு முகத்தில் அடிக்கும். உள்ளே நெரிசல் என்று நுழைவாயில் பலகையில் பார்த்தால், புதியவர்கள் மேலே உள்ள சாலையிலேயே போய்விடுவது நல்லது. நேரம் கூடும், பரவாயில்லை.

விநியோக ஓட்டுநர்களுக்கு ஒன்று: கைப்பிடியில் மாட்டிய கைப்பேசி உச்சிவெயிலில் எஞ்சினுக்கு முன்பே சூடாகி அணைந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது அதன்மேல் நிழல் விழும்படி ஒரு சிறிய மறைப்பு போடுங்கள். சார்ஜ் ஏற்றிக்கொண்டே வழிகாட்டியை ஓட்டினால் இன்னும் சீக்கிரம் சூடாகும்.

கடற்பாலம்

உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலை அதைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்பது வேறு கதை. புதிய பைக்கும் புதிய ஓட்டுநரும் முதல்முறை உண்மையான சூட்டைச் சந்திப்பது பெரும்பாலும் அங்கேதான். முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் பைக்குகள், ஒவ்வொன்றின் ஃபேனும் அடுத்தவர் முழங்காலை நோக்கிச் சூட்டை ஊதிக்கொண்டிருக்கும். உங்கள் ரேடியேட்டர் உள்ளே இழுப்பது வெளிக்காற்றை இல்லை, முன்னால் நிற்பவரின் சைலன்சர் காற்றை.

அங்கே எல்லாரும் செய்வதைச் செய்யுங்கள். வரிசை நின்றால் எஞ்சினை அணைத்துவிட்டு, நகரும்போது காலால் உந்துங்கள். சிறிய பைக்குக்கு அது சுலபம். 200 கிலோ வண்டியை உந்துவது வேர்த்துக்கொட்டும் வேலை, அப்போது இடைவெளி விட்டு ஓட்டிப் போவதே மேல். அடிக்கடி அணைத்து ஸ்டார்ட் செய்தால் பேட்டரி பலவீனமாகும் என்பதால் பழைய பேட்டரிக்காரர்கள் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும். முன்னால் நிற்கும் சைலன்சருக்கு நேராக நிற்காமல் ஒரு கை தள்ளி நில்லுங்கள். அந்தச் சின்ன விலகல் காலுக்கும் ரேடியேட்டருக்கும் சேர்த்து உதவும்.

தண்ணீர்ப் புட்டியைப் பெட்டிக்குள் அடியில் வைக்காதீர்கள், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கடப்பிதழும் அப்படியே. கவுன்டருக்கு முன்னால் கையுறையைக் கழற்றி, பையைத் துழாவி, பின்னால் இருப்பவர்களின் முறைப்பையும் வாங்கிக்கொள்வது சூட்டைவிடக் கொடுமை. முடிந்தால் சனிக்கிழமை விடியற்காலையில் புறப்படுங்கள். மேற்கே இருப்பவர்கள் துவாஸ் வழியையும் பார்க்கலாம். சுற்றுதான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சூடாகாது.

என்ன உடுத்துவது?

இங்கே தமிழ்நாட்டு அனுபவம் கொஞ்சம் ஏமாற்றும். 42 டிகிரி வெயிலில் வீசும் காற்று தோலைவிடச் சூடானது. அதனால் அங்கே காற்று படாமல் போர்த்திக்கொள்வது சரி. சிங்கப்பூரில் காற்று பெரும்பாலும் தோலைவிடக் குளிர்ந்ததுதான். ஆகவே இங்கே காற்று உள்ளே வர வேண்டும். வலைத்துணியில் தைத்து, தோள், முழங்கை, முதுகுக் காப்பு வைத்த ஜாக்கெட் இதற்கென்றே இருக்கிறது. ஓடும்போது சுகமாக இருக்கும், நிற்கும்போது எதைப் போட்டாலும் வேர்க்கும்தான்.

ஆனால் தண்ணீரில் நனைத்து அணியும் குளிர்ச்சட்டை இங்கே அவ்வளவாகப் பயன்படாது. தண்ணீர் ஆவியானால்தான் அது குளிரும். ஈரக்காற்றில் மெதுவாகத்தான் ஆவியாகும். காசை ஹெல்மெட்டில் போடுங்கள். பிஎஸ்பி போன்ற, அங்கீகாரத்தைக் காட்டும் ஸ்டிக்கர் உள்ளதா, காற்றுத் துளைகள் திறந்து மூடுமா, உள்துணியைக் கழற்றித் துவைக்க முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். துவைக்காத உள்துணியின் வாசனை இரண்டாவது வாரத்தில் தானாகத் தெரியவரும்.

காலுக்கு நீளக் காற்சட்டை கட்டாயம். ஜீன்ஸ் கனம்தான், ஆனாலும் சைலன்சரில் பட்டால் உருகி ஒட்டாது. மெல்லிய நைலான் விளையாட்டுக் காற்சட்டை உருகும். கணுக்காலை மூடும் காலணி போட்டால் எஞ்சின் சூட்டை அது ஓரளவு தடுக்கும். செருப்பு வேண்டாம். காப்பிக்கடை வரைக்குத்தானே என்றாலும் வேண்டாம்.

உங்கள் உடம்பு

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். புறப்படும் முன்பே குடியுங்கள், நிற்கும் இடமெல்லாம் கொஞ்சம் குடியுங்கள். மணிக்கணக்கில் ஓட்டினால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் போகிறது. இளநீரோ 100பிளஸோ சேர்த்துக்கொள்ளலாம். ஐஸ் போட்ட தே தாரிக் ருசிதான், அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வெளியே எவ்வளவு மோசம் என்று பார்க்க வெப்பநிலையை மட்டும் நம்ப வேண்டாம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் வெப்ப அழுத்த நிலை இருக்கிறது. வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு அது. 31க்குக் கீழ் என்றால் குறைவு, 31 முதல் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். இந்த அளவு 33 காட்டும் பிற்பகலில் புதியவர்கள் நெடுந்தூரம் ஓட்டிப் பழகப் போக வேண்டாம்.

தலைவலி, கெண்டைக்காலில் பிடிப்பு, குமட்டல், தெரிந்த திருப்பத்தையே தவறவிடுவது - இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த வெளிவழியில் இறங்கி, நிழலில் நிறுத்தி, முதலில் ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார்ப்பேட்டையோ உணவங்காடி நிலையமோ பக்கத்தில் இல்லாத இடம் இந்தத் தீவில் குறைவு. கழுத்தையும் முகத்தையும் நனைத்து, ஃபேனுக்கு எதிரே உட்காருங்கள். கூட வந்தவர் குழறிப் பேசினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே 995ஐ அழைத்துவிட்டு, உடம்பை நனைத்துக் குளிர்விக்கத் தொடங்குங்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தால்

பதற வேண்டாம், ஆனால் "வீடு வந்துவிட்டதே" என்று ஓட்டவும் வேண்டாம். பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி எஞ்சினை அணையுங்கள். அணைத்ததும் சாவியை மட்டும் மறுபடி திருப்பிப் பாருங்கள்; சில வண்டிகளில் எஞ்சின் ஓடாமலே ஃபேன் ஓடும், ஓடினால் சில நிமிடம் ஓடட்டும். அணைத்த பிறகு சூடு கொஞ்சம் ஏறுவதுபோல் காட்டும், திரவம் ஓடாமல் நிற்பதால் அப்படி. எஞ்சின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் விரிசல் விடலாம். ஓடும்போது மழை படுவதால் ஒன்றும் ஆகாது, அது வேறு.

அரை மணி நேரமாவது ஆறவிட்டு, கூலன்ட் டப்பாவையும் தரையையும் பாருங்கள். கீழே பச்சையாகவோ சிவப்பாகவோ இனிப்பு வாசனையுடன் சொட்டியிருந்தால் கசிவு, ஓட்டக் கூடாது. கசிவு இல்லை, அளவும் சரி, நெரிசலில் மட்டும் ஏறியது என்றால் ஃபேனோ அதன் ஃபியூஸோதான் முதல் சந்தேகம். உபி, காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் வொர்க்‌ஷாப்புகள் வரிசையாக உண்டு. "ஃபேன் ஓடவில்லை" என்று குறிப்பாகச் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

விரைவுச்சாலையிலேயே நின்றுபோனால் இடப்பக்க ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நீங்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். நின்றுபோன வண்டியை அருகிலுள்ள குறிப்பிட்ட கார்ப்பேட்டை வரை இலவசமாக இழுத்துச் செல்லும் சேவையை நிலப் போக்குவரத்து ஆணையம் நடத்துகிறது.

சைலன்சரில் சுட்டுக்கொண்டால்

புதிய பைக்கில் முதல் காயம் பெரும்பாலும் இதுதான், அதுவும் பின்னால் உட்காருபவரின் வலது கெண்டைக்காலில். அரைக்காற்சட்டை போட்ட நண்பரை ஏற்றாதீர்கள். சைலன்சர் வலப்பக்கம் இருக்கும் வண்டியில் இடப்பக்கமாகவே ஏறி இறங்கச் சொல்லுங்கள், இறங்கும்போதும் சொல்லுங்கள், மறந்துவிடுவார்கள்.

பட்டுவிட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ், பற்பசை, மாவு, மை எதுவும் வேண்டாம், பாட்டி சொன்னாலும் வேண்டாம். அப்புறம் ஒட்டாத சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, தோல் வெளுத்து வலியே தெரியாமல் இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.